வாசலை அகலப்படுத்துவதா, கூரையைத் தாழ்த்துவதா?

சென்ற ஞாயிற்றுக்கிழமை மாலை, முன்னொரு காலத்தில் என்னிடம் கணிதம் பயின்ற மாணாக்கர் ஒருவர் தம் தமக்கையாரின் மகனை அழைத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்திருந்தார். மருமகனுக்கு வயது பதினைந்து. அட்சர கணிதத்திற் சில ஐயங்கள். ஐயங்கள் ஒருவாறு தீர்ந்து தேநீர் அருந்தும் வேளையில், மாமனுக்கும் மருமகனுக்கும் இடையே ஒரு வாக்குவாதம் மூண்டது. அதன் பொருள் அரசியலுமன்று, கிரிக்கெட்டுமன்று. ‘ஹேலோ’ என்னும் வீடியோ விளையாட்டே அது.

“பழைய ஹேலோதான் ஹேலோ. பிறகு வந்ததெல்லாம் மற்றவனைப் பார்த்துக் கொப்பியடிச்சது” என்றார் மாமன்.

“மாமா, உங்கட பழைய ஹேலோவிலை இப்ப மிஞ்சியிருக்கிறதெல்லாம் உங்களைப் போலப் பதினைஞ்சு வருசமா விளையாடினவைதான். நான் உள்ளுக்கை போனால் அரை நிமிசம் உயிரோடை இருக்கேலாது. பிறகு நான் எப்பிடிப் பழகிறது?” என்றான் மருமகன்.

இருவரும் என் முகத்தைப் பார்த்தனர். “சேர், நீங்கள் ஒரு தீர்ப்புச் சொல்லுங்கோ” என்றார் பழைய மாணாக்கர்.

அன்று நான் தீர்ப்பேதும் சொல்லவில்லை. அவ்விளையாட்டிலே என் பெருவிரல்கள் எவ்வளவு மந்தமானவை என்பதை அச்சிறுவன் முன்பே கண்டிருக்கிறான். ஆயினும் அவன் எழுப்பிய கேள்வி எனக்குப் புதியதன்று. புதிதாக வருபவனுக்கு இடங்கொடுக்கவும் வேண்டும். நெடுங்காலம் உடனிருந்தவனின் அன்பைக் கெடுக்காமலிருக்கவும் வேண்டும். இவ்விரண்டும் ஒன்றோடொன்று மோதுங்கால் எதனை விட்டுக்கொடுப்பது? வகுப்பறையில் இருபது ஆண்டுகளாக நான் விடைதேடும் கேள்வியும் இதுவேயாகும். ஆதலின் இவ்வாரம் ஹேலோவின் கதையை வாசகர் முன் வைக்க எண்ணினேன்.

சுடுகலன் ஏந்தும் விளையாட்டைப் பற்றி ஞாயிற்றுக்கிழமைக் குடும்பப் பக்கத்தில் எழுதலாமா என்று சில பெற்றோர் முகஞ்சுளிக்கக்கூடும். அவர்கள் கவலையை நான் மதிக்கிறேன். இவ்விளையாட்டுகளுக்கு அமெரிக்காவில் வயது வரம்பு குறிக்கப்படுகின்றது. இத்தொடரின் பழைய நூல்களுக்கு — விளையாட்டையும் நூலென்றே சொல்கிறேன், பொறுத்தருள்க — பதினேழு வயது என்று வரம்பிட்டிருந்தார்கள். 2015ஆம் ஆண்டில் வெளிவந்த ஐந்தாவது ஹேலோவுக்கே, முதன்மைத் தொடரில் முதன்முறையாக, அவ்வரம்பு பதின்மூன்று வயதுக்கு இறங்கியது. உங்கள் வீட்டிலும் இவ்விளையாட்டு நுழைந்திருந்தால், பெட்டியின்மேல் அச்சிட்டிருக்கும் வயதை ஒருமுறை பார்த்துக்கொள்வது நன்று. இனிக் கதைக்கு வருவோம்.

ஹேலோவை முதலில் ஆக்கிய நிறுவனத்தின் பெயர் பஞ்ஜி. நம்மூர்ப் பஞ்சிக்கும் இதற்கும் யாதொரு தொடர்புமில்லை. அவர்கள் கடும் உழைப்பாளிகள். முதலில் இதனைப் படைகளை மேலிருந்து நடத்தும் போர்த்தந்திர விளையாட்டாகவே எண்ணினர். பின்னர் வீரனின் முதுகுக்குப் பின்னாலிருந்து பார்க்கும் விளையாட்டாக மாற்றினர். 1999இல் அப்பிள் நிறுவனத்தின் மேடையில் ஸ்டீவ் ஜொப்ஸ் இதனை உலகுக்கு அறிமுகஞ் செய்தார். அடுத்த ஆண்டே மைக்ரோசொப்ற் நிறுவனம் பஞ்ஜியை விலைக்கு வாங்கியது. 2001 நவம்பர் 15ஆந் தேதி, மைக்ரோசொப்ற்றின் எக்ஸ்பொக்ஸ் பெட்டியோடு முதல் ஹேலோ வெளிவந்தது. அப்போது அது வீரனின் கண்வழியாகவே உலகைக் காணும் விளையாட்டாகியிருந்தது.

இங்கே ஓர் உண்மையைக் கவனித்தல் வேண்டும். அக்காலத்தில் இத்தகைய விளையாட்டுகளின் தாயகம் கணினி. மவுஸை அசைத்துக் குறிபார்ப்பதிலே வல்லவர்கள், பெருவிரலால் ஒரு சிறு குமிழை உருட்டிக் குறிபார்ப்பதை விளையாட்டென்றே ஏற்கவில்லை. அக்குமிழால் நுட்பமாகக் குறிபார்ப்பது கடினந்தான். ஆகவே ஹேலோவை ஆக்கியோர், ஆடுபவனுக்குத் தெரியாமலே அவனுக்குக் கைகொடுத்தனர். குறி எதிரியின்மேல் வருங்கால் அதன் ஓட்டம் சற்றே மெதுவாகும்; மயிரிழை தவறிய குண்டும் எதிரியைச் சென்று சேரும். இரண்டே சுடுகலன்களைத்தான் ஏந்தலாம். கைக்குண்டுக்கு ஒரு விசை, கைகலப்புக்கு ஒரு விசை. மேனியைச் சூழ்ந்துள்ள ஒளிக்கேடயம் அடிபட்டாலும், சில நொடி ஒதுங்கி நின்றால் தானே நிறைந்துவிடும். அதாவது, இன்று பழைய அன்பர்கள் ‘தூய ஹேலோ’ என்று போற்றுகின்ற அந்த முதல் நூலே, தன் காலத்து வல்லவர்களின் கண்ணிலே புதியவர்களுக்காக எளிதாக்கப்பட்ட ஒன்றாகத்தான் தோன்றியது. தூய்மை பேசுவோர் இதனை மறந்துவிடுகின்றனர்.

ஆனால் அந்த எளிமை எங்கே செய்யப்பட்டது என்பதை நோக்குக. நுழைவாயிலிலேதான் செய்யப்பட்டது. உள்ளே ஆட்டத்தின் ஆழம் குறையவில்லை. பலர் கூடி ஆடும்போது எல்லாரும் ஒரே வகைச் சுடுகலனோடு தொடங்குவர். ஏவுகணைக் குழல், தொலைகுறித் துப்பாக்கி போன்ற வலிய கருவிகள் களத்தில் இன்ன இடத்தில் என்று வைக்கப்பட்டிருக்கும். எடுத்தபின் குறித்த நேரங் கழித்து அவ்விடத்திலேயே மீண்டும் தோன்றும். ஆகவே வெற்றி விரல்வேகத்தை மட்டும் பொறுத்ததன்று. எந்த நேரத்தில் எந்த மூலையில் நிற்கவேண்டும் என்னும் கணக்கையும் பொறுத்தது. நேற்று வந்தவனும் பத்தாண்டு ஆடியவனும் ஒரே கோட்டில் நின்று தொடங்குகின்றனர். தோற்றால் அறிவினால் தோற்றேன் என்றே இருவரும் ஒப்புக்கொள்ளவேண்டும். இதனையே அன்பர்கள் ‘சமத் தொடக்கம்’ என்கின்றனர். ஹேலோவின் உயிர்நாடி இதுதான் என்பது என் கருத்து.

முதல் ஹேலோவில் இணையவழி ஆட்டம் இல்லை. ஒரே தொலைக்காட்சித் திரையை நான்காகப் பிரித்து நால்வர் ஆடலாம். நான்கு பெட்டிகளைக் கம்பியால் இணைத்தாற் பதினாறு பேர் ஆடலாம். 2004 நவம்பரில் வெளிவந்த இரண்டாவது ஹேலோவே உலகத்தை ஒன்றாகக் கட்டியது. முதல் நாளில் மட்டும் 12 கோடி 50 இலட்சம் டொலருக்கு அது விற்பனையானது. உலகெங்கும் காத்திருப்பவர்களுள் உங்களுக்கு ஏற்ற எதிரிகளைப் பொறியே தேடி இணைக்கும் முறை அதன் பெருஞ்சிறப்பாகும்.

2007இல் வந்த மூன்றாவது ஹேலோவில் இவ்விணைப்புக்கு ஓர் அழகிய கணிதம் பயன்பட்டது. ‘ட்ரூஸ்கில்’ என்பது அதன் பெயர். இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜிலுள்ள மைக்ரோசொப்ற் ஆய்வுக்கூடத்தில் உருவானது. கணிதம் படிக்கும் மாணாக்கர்க்காக அதனைச் சிறிது விளக்குகிறேன். பொறி ஒவ்வொருவரையும் பற்றி இரண்டு எண்களை வைத்திருக்கும். ஒன்று, உங்கள் திறமை இவ்வளவு இருக்கலாம் என்னும் மதிப்பீடு. மற்றது, அம்மதிப்பீட்டில் தனக்குள்ள ஐயத்தின் அளவு. புதிதாக வருபவனுக்கு மதிப்பீடு 25. ஐயம் 25இன் மூன்றிலொரு பங்கு. மதிப்பீட்டிலிருந்து ஐயத்தின் மும்மடங்கைக் கழித்து வருவதே அவனுடைய தரம். ஆதலின் புதியவனின் தரம் சரியாகப் பூச்சியம். ஆட ஆட ஐயம் குறையும்; மதிப்பீடு அவனது உண்மைத் திறமையை நோக்கி நகரும். ஒரு மாணவனைப் பற்றி முதல் தவணையிலேயே முடிவு கட்டிவிடும் ஆசிரியர்கள் — நானும் அவர்களுள் ஒருவனாக இருந்ததுண்டு — இப்பொறியிடம் பாடங் கேட்கலாம்.

புதியவன் புதியவனோடு மோதுகிறான்; வல்லவன் வல்லவனோடு மோதுகிறான். ஆட்டத்தின் விதி ஒன்றுகூட மாறவில்லை. ஆனால் நுழைவாயில் எத்துணை அகலமாகிவிட்டது பாருங்கள்! எனினும் இம்முறைக்கு ஒரு தேவை உண்டு. களத்திலே கூட்டம் இருக்கவேண்டும். ஆயிரக்கணக்கானோர் காத்திருக்கும்போது ஒத்த திறமையாளரைத் தேடி எடுக்கலாம். நாற்பது பேரே இருந்தால் எந்தக் கணிதத்தாலும் பயனில்லை; பதினைந்து வயதுச் சிறுவனைப் பதினைந்து ஆண்டு ஆடியவனிடமே பொறி ஒப்படைக்கும். மருமகனின் முறைப்பாடு இதுவேயாகும். அது வெறும் அழுகையன்று, எண்கணித உண்மை.

இவ்விளையாட்டுகளுக்கும் புத்தகத்துக்கும் உள்ள வேறுபாடும் இதிலே வெளியாகின்றது. ஒரு நூலை உலகில் நான் ஒருவனே படித்தாலும் அது முழு நூலாகவே இருக்கும். பலர் கூடி ஆடும் விளையாட்டோ அவ்வாறன்று. மற்றையோரே அதன் பாதிப் பகுதி. புதியவர் வராத களத்தில் பழையவர்க்கும் எதிரிகள் இல்லாதொழிவர். ஆகவே புதியவனுக்குக் கதவடைக்கும் அன்பன் தன் வீட்டையே பூட்டிக்கொண்டு வெளியே நிற்கிறான்.

இனி, மாமனின் பக்கத்தையும் கேட்போம். அவர் சொல்லும் ‘கொப்பி’ எங்கே தொடங்கியது? 2007 நவம்பரில் ‘கொல் ஒவ் டியூட்டி’ தொடரின் நான்காவது விளையாட்டு வெளிவந்து பெருவெற்றி பெற்றது. அதிலே ஆடுபவன் ஆட ஆடப் புதிய சுடுகலன்களும் தனித்திறன்களும் அவனுக்குத் திறக்கும். தனக்கு வேண்டிய கருவிகளைத் தானே தெரிவுசெய்து களத்துக்குள் இறங்கலாம். தொடர்ந்து சிலரை வீழ்த்தினால் வானிலிருந்து உதவி வரும். தோற்றவனுக்கும் ஏதோ ஒன்று கிடைத்துக்கொண்டேயிருக்கும். அதன் பின்னர் இவ்வகை விளையாட்டு ஆக்குவோர் எல்லாரும் அத்திசையையே நோக்கினர்.

ஹேலோவும் நோக்கியது. பஞ்ஜியார் ஆக்கிய கடைசி ஹேலோவான ‘ரீச்’ 2010இல் வந்தது. அதில் ஒவ்வொருவனும் பறத்தல், விரைந்தோடல் முதலிய திறன்களுள் ஒன்றைத் தெரிந்தெடுக்கலாம். அதன்பின் தொடரின் பொறுப்பு 343 இன்டஸ்ட்ரீஸ் என்னும் நிறுவனத்தின் கைக்கு மாறியது. 2012இல் அவர்கள் தந்த நான்காவது ஹேலோ இன்னும் பல அடி முன்னே சென்றது. அவரவர் தமக்கென அமைத்த கருவித் தொகுதியோடு தொடங்கினர். எல்லாரும் விரைந்தோடினர். நன்றாக ஆடியவனுக்கு வானிலிருந்து கருவிகள் இறங்கின. முதல் நாள் விற்பனை 22 கோடி டொலர். ஆனால் சில மாதங்களுக்குள்ளேயே இணையக் களத்திற் கூட்டம் மெலியத் தொடங்கிவிட்டது.

ஏன்? விரைந்தோடல் என்னும் ஒரு சிறு மாற்றத்தையே எடுத்துக்கொள்வோம். பழைய ஆட்டத்தில் எதிரியின் கேடயத்தைப் பாதி உடைத்துவிட்டால் அவன் தப்புவது அரிது. உங்கள் திறமைக்கு உடனே பலன் கிட்டும். ஓட்டம் வந்தபின் அவன் மூலை திரும்பி ஓடிக் கேடயத்தை நிறைத்துக்கொண்டு மீண்டும் வருகிறான். ஓடுபவர்களுக்கேற்பக் களத்தையும் நீட்டவேண்டியதாயிற்று. களம் நீண்டதால் நடந்தால் எங்கும் போய்ச்சேர முடியாது; ஆகவே எல்லாரும் ஓடியே தீரவேண்டும். ஓடும்போது சுடமுடியாது. வேகத்துக்காகச் சேர்த்த ஒன்று ஆட்டத்தின் கட்டுக்கோப்பையே மாற்றிவிட்டது. கருவிகள் எங்கே எப்போது தோன்றும் என்னும் கணக்கும் குலைந்தது. எதிரே வருபவன் கையில் என்ன இருக்கும் என்பதைப் பழையவனாலும் அறியமுடியவில்லை; புதியவனாலும் அறியமுடியவில்லை.

புதியவனுக்காகச் செய்தோம் என்றுதானே இதற்குக் காரணங் கூறுவர்? உண்மையில் இது புதியவனுக்குச் செய்த உதவியாக எனக்குத் தோன்றவில்லை. பக்கத்துத் தெருக் கடையில் நிற்கும் கூட்டத்தைத் தன் கடைக்கு அழைக்கச் செய்த முயற்சியே இது. அக்கடையின் பண்டத்தை விரும்புகிறவன் அங்கேயே வாங்கிக்கொள்வான். இக்கடையின் பண்டத்துக்காக வந்தவனோ, அது கிடையாமையால் வீட்டுக்குப் போய்விடுவான். கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை என்பது பழமொழி.

2015இல் வந்த ஐந்தாவது ஹேலோ தவற்றைத் திருத்த முயன்றது. அரங்க ஆட்டங்களிற் சமத் தொடக்கம் திரும்பியது. விரைந்தோடுங்கால் கேடயம் நிறையாது என்னும் விதியும் வந்தது. 2016இல் நடந்த உலகச் சாம்பியன் போட்டிக்கு 25 இலட்சம் டொலர் பரிசுத் தொகை திரண்டது. ஆனால் அதே நூலில் ஒன்றை நீக்கிவிட்டனர். திரையைப் பிரித்து ஒரே வீட்டார் ஒன்றாக ஆடும் வசதியை எடுத்துவிட்டனர். காட்சி நொடிக்கு அறுபது முறை தடையின்றி மாறவேண்டும் என்பதற்காக அவ்வசதி கைவிடப்பட்டது. மேலே சொன்ன எல்லா மாற்றங்களிலும் மாமனின் முகம் வாடியது இதைச் சொன்னபோதுதான். அவரும் அவருடைய தமையனாரும் ஒரே திரையில் ஆடியே வளர்ந்தவர்கள். தமையனார் இப்போது கனடாவில்.

இத்தவற்றின் ஆழத்தை எண்ணிப்பாருங்கள். பழையவனும் புதியவனும் அருகருகே அமரும் ஒரே இடம் அதுதான். “அந்தப் படியிலை நில், இன்னும் பத்துச் செக்கனிலை ஏவுகணை வரும்” என்று அண்ணன் தம்பிக்குச் சொல்லிக்கொடுத்த பள்ளிக்கூடம் அதுவே. அதனை மூடியபோது பழைய அன்பனின் நினைவும் போயிற்று. புதியவனின் ஆசிரியனும் போய்விட்டான். இரு சாராருக்கும் ஒரே அடியில் இழப்பு.

2021 நவம்பரில் ‘ஹேலோ இன்பினிற்’றின் பலர் கூடி ஆடும் பகுதி வந்தது. அதனைப் பற்றி நான் கூறக்கூடியது, பாதி பாராட்டு, பாதி வருத்தம். எல்லாரும் ஒரே துப்பாக்கியோடு தொடங்கும் முறை மீண்டும் முழுமையாக வந்தது. ஓட்டத்தின் வேகம் நடையினும் சற்றே கூடுதல் என்னும் அளவுக்குக் குறைந்தது. பலர் கூடி ஆடும் பகுதிக்கு விலையே இல்லை; எக்ஸ்பொக்ஸ் இல்லாதவனும் கணினியில் ஆடலாம். இவற்றினும் மேலாக, பொறியே இயக்கும் போலி வீரர்களோடு பயிற்சி செய்ய ஒரு பயிற்சிக்கூடத்தையும் திறந்தனர். வெட்கப்படாமல் விழுந்து எழும்ப ஓரிடம்! வாசலை அகலப்படுத்துவது என்று நான் சொல்வது இதனைத்தான். பழைய அன்பரும் மகிழ்ந்தனர், புதியவரும் வந்தனர். இரண்டும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதற்கு அந்த முதற் சில வாரங்களே சான்று.

ஆனால் இலவசம் என்றால் எவனோ எங்கோ பணங் கொடுக்கவேண்டுமே! முன்னைய ஹேலோக்களில் ஆடிப் பெற்ற கவச அலங்காரங்கள் இப்போது கடைப்பொருளாயின. நன்றாக ஆடினாலும் முன்னேற்றம் இருக்கவில்லை. இன்ன வேலையை இத்தனை முறை செய் என்று விதிக்கப்பட்ட பணிகளை முடித்தாலே முன்னேற்றம். அதனாற் பலர் வெற்றியை மறந்து பணி முடிக்க ஓடினர். தொடக்கத்தில், எதிரிகளை வீழ்த்துவதையே இலக்காகக்கொண்ட எளிய ஆட்டத்தைத் தனியே தெரிந்தெடுக்கவும் வழியிருக்கவில்லை. முறைப்பாடு எழுந்தபின் டிசம்பரிற் சேர்த்தனர். இரண்டாம் பருவம் 2022 மேயில் தொடங்கி நவம்பர் வரை நீண்டது. உண்பதற்குப் புதிதாக ஒன்றும் வராத பந்தியிலே யார்தான் காத்திருப்பர்? கதைப் பகுதியைத் திரை பிரித்து இருவர் ஆடும் வசதி தருவோம் என்று சொல்லியிருந்ததையும் 2022 செப்டெம்பரிற் கைவிட்டனர். கூட்டம் மீண்டும் மெலிந்தது. இம்முறை குற்றம் ஆட்ட விதிகளில் இல்லை; வாக்குத் தவறியதிலும் வழங்கும் முறையிலும் இருந்தது. இந்நிறுவனம் 2024இல் ‘ஹேலோ ஸ்டூடியோஸ்’ என்று பெயரையும் மாற்றிக்கொண்டது.

இத்தொடர் மட்டுமா இவ்வாறு தடுமாறியது? ‘பட்டில்பீல்ட்’ என்னும் மற்றொரு தொடர் 2021இல், தான் நெடுங்காலம் போற்றிவந்த நால்வகைப் படைப்பிரிவு முறையை விட்டுத் தனித்தனி வல்லுநர்களைப் புகுத்தியது. அன்பர்கள் சீற்றங்கொண்டனர். 2023இன் தொடக்கத்திற் படைப்பிரிவுகள் திரும்பிவந்தன.

இதற்கு நேர்மாறாகக் ‘கவுண்டர் ஸ்ட்ரைக்’ நிற்கிறது. 1999இல் இரு இளைஞர்கள் வேறொரு விளையாட்டின்மேல் ஒட்டுவேலையாகச் செய்த ஆட்டம் அது. ஐவருக்கு ஐவர், ஒரு சாரார் குண்டு வைக்கவேண்டும், மறு சாரார் தடுக்கவேண்டும், இறந்தவன் அச்சுற்று முடியும்வரை வெறுமனே பார்த்திருக்கவேண்டும். கால் நூற்றாண்டாகியும் இந்த எலும்புக்கூடு மாறவில்லை. தரத்துக்கேற்ற இணைப்பு வந்தது. 2018இல் விலை நீங்கியது. 2023இற் காட்சியும் பொறியும் புதுப்பிக்கப்பட்டன. அவ்வாண்டில் ஒரே வேளையில் 15 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அதனை ஆடினர். அதுவும் குறையற்றதன்று. 2004இல் அதன் புதிய வடிவம் வந்தபோது பழைய வடிவத்தைவிட்டு வரமாட்டோம் என்று பெரும்பகுதியினர் நின்றுவிட, அன்பர் கூட்டம் பல ஆண்டுகள் இரண்டாகப் பிளந்தே கிடந்தது.

பழைய அன்பரின் குறைகளையும் சொல்லாது விட்டால் என் தராசு சாய்ந்துவிடும். ஒவ்வொருவரும் தாம் பதினான்கு வயதில் ஆடியதையே உண்மை ஹேலோ என்கின்றனர். இரண்டாவதை ஆடி வளர்ந்தவருக்கு மூன்றாவது மந்தம். மூன்றாவதை ஆடி வளர்ந்தவருக்கு ‘ரீச்’ துரோகம். இன்று ‘ரீச்’சைப் பொற்காலம் என்று போற்றுவோரும் உளர். அவர்கள் காக்க விரும்புவது பல வேளைகளில் விளையாட்டையன்று, தம் இளமையை. அதனை எந்த நிறுவனத்தாலும் திருப்பித் தர இயலாது.

ஆயினும் அந்த அன்பை எள்ளி நகையாடவும் என் மனம் ஒப்பவில்லை. 2010 ஏப்ரில் 15ஆந் தேதி பழைய எக்ஸ்பொக்ஸின் இணையச் சேவை நிறுத்தப்பட்டது. இரண்டாவது ஹேலோவின் இணைய ஆட்டத்துக்கும் அதுவே முடிவு. ஆனால் ஏற்கெனவே உள்ளே இருந்தவர்களுட் சிலர் வெளியேறவில்லை. பெட்டியை அணைத்தால் மீண்டும் நுழையமுடியாது என்பதால் இரவும் பகலும் அணைக்காமலே வைத்திருந்தனர். பெட்டிகள் ஒவ்வொன்றாகச் செயலிழந்தன. கடைசி மனிதனின் தொடர்பு அறுந்தது மே மாதத்தில். விளக்கணைந்த மண்டபத்தை விட்டுப் போக மனமின்றி இருந்த அச்சிலரை எண்ணும்போது, ‘வாடிக்கையாளர்’ என்னும் சொல் அவர்களுக்குப் போதாது என்று தோன்றுகிறது.

வகுப்பறைக்கு வருகிறேன். தொடக்க காலத்தில், கணக்குக் கடினம் என்று பிள்ளைகள் முகம் வாடினால் கடினமான பகுதியையே விட்டுவிடுவேன். வகுப்பு அமைதியாயிருக்கும். ஆனால் திறமையுள்ளவன் சலிப்படைந்தான். திறமை குறைந்தவனும் உயரவில்லை. பின்னரே படிகளை அமைக்கக் கற்றேன். கூரையைத் தாழ்த்தினால் உயரமானவன் தலை இடிக்கும். குட்டையானவனுக்கோ யாதொரு நன்மையுமில்லை. வாசலை அகலப்படுத்தி, உள்ளே படிகளையும் அமைத்து, முன்னே ஏறியவனைப் பின்னே வருபவனுக்குக் கைகொடுக்கச் செய்வதே வழி. விளையாட்டு ஆக்குவோர் ஒரு மாற்றத்தைச் செய்யுமுன், ‘இது நுழைவதை எளிதாக்குகிறதா, அன்றி வெல்வதன் பொருளைக் குறைக்கிறதா?’ என்று தம்மையே கேட்டுக்கொள்வாராக.

ஆதலின் மாமன் சொன்னதும் சரி. மருமகன் சொன்னதும் சரி. சமத் தொடக்கத்தைக் கைவிட்டது பிழை என்பதில் மாமன் பக்கம் நிற்கிறேன். புதியவனைத் தனியே களத்தில் விட்டுவிட்டு ‘பழகிக்கொள்’ என்பது முறையன்று என்பதில் மருமகன் பக்கம் நிற்கிறேன்.

திங்கட்கிழமை இதனையே மாணாக்கருக்குத் தொலைபேசியிற் சொன்னேன். “சரி சேர், அதுக்கு இப்ப நான் என்ன செய்யவேணும்?” என்றார். பழைய ஹேலோக்களைத் திரட்டி 2014இல் வெளியிட்ட தொகுப்பு அவரிடம் இருக்கிறது. வெளிவந்த காலத்தில் அதன் இணைய இணைப்புப் பெரிதும் பழுதுபட்டிருந்தது. பின்னர் பல ஆண்டு உழைத்துச் சீராக்கினார்கள். அதிலே திரையைப் பிரித்து ஆடும் வசதி உண்டு. “ஒரு மணித்தியாலம் மருமகனுக்குப் பக்கத்தில் இருந்து பாருங்கள். அவன் கணக்கை முடித்த பிறகு” என்றேன்.

வியாழனன்று அவரே அழைத்தார். “சேர், பதினொரு தரம் செத்துப்போனான். நான் ஒவ்வொரு தரமும் ஏனெண்டு சொல்லிக் குடுத்தன். பன்னிரண்டாந் தரம் ஏவுகணை வாற இடத்திலை எனக்கு முன்னம் போய் நிண்டு என்னைச் சுட்டுப்போட்டான்.”

அவருடைய குரலிலே தோற்ற வருத்தம் சிறிதும் இல்லை. சனிக்கிழமை கனடாவிலிருக்கும் தமையனாரையும் இணையவழி சேர்த்துக்கொள்ளப் போகிறார்களாம். அட்சர கணிதப் பயிற்சியில் இன்னும் நான்கு கணக்குகள் எஞ்சியிருப்பதை மட்டும் அவருக்கு நினைவூட்டினேன்.